கடலுக்கு விலை கேட்டபோது

ஐக்கிய அமெரிக்காவிலே சில ஆண்டுகளுக்கு முன்னர் விசித்திரமான ஒரு விசாரணை நடைபெற்றது. தக்க பயிற்சி பெற்ற சிலர் வீடு வீடாகச் சென்று கதவைத் தட்டினர். அவர்கள் பொருள் விற்க வந்தவர்களல்லர். வரி அறவிட வந்தவர்களுமல்லர். வீட்டாரோடு அமர்ந்து, படங்களையும் தேசப்படங்களையும் விரித்துக் காட்டி, கடலிலே நேர்ந்த பேரனர்த்தம் ஒன்றை அமைதியாக விளக்கினர். எண்ணெய் படிந்து கறுத்த சதுப்புநிலம் இத்தனை மைல், மாண்ட பறவைகள் இத்தனை, நின்றுபோன உல்லாசப் பயணங்கள் இத்தனை என்று கணக்குக் கூறினர். சிலருக்கு இவற்றோடு ஓங்கில்களுக்கும், கடலாமைக் குஞ்சுகளுக்கும், ஆழ்கடல் முருகைகளுக்கும் நேர்ந்த கேட்டையும் சேர்த்துக் கூறினர். இறுதியில் அவர்கள் கேட்டது ஒன்றே. இத்தகைய கேடு மீண்டும் நேராது தடுக்க ஒரு திட்டம் உண்டு. அதற்காக உங்கள் குடும்பம் ஒரே ஒரு தடவை இவ்வளவு டொலர் மேலதிக வரியாக இறுக்க வேண்டும். இதற்கு இசைவீர்களா, மாட்டீர்களா?

எல்லா வீடுகளிலும் ஒரே தொகையைக் கூறவில்லை. ஒரு வீட்டிற் சிறு தொகை, வேறொரு வீட்டிற் பெருந்தொகை என மாற்றி மாற்றிக் கேட்டனர். 3,656 பேரின் விடைகளை ஆராய்ந்தபோது, சிறிய கேட்டைத் தடுப்பதற்கு ஒரு குடும்பம் சராசரி 136 டொலரும், ஓங்கில் முதலியன சேர்ந்த பெரிய கேட்டைத் தடுப்பதற்கு 153 டொலரும் கொடுக்க இசையும் எனக் கண்டனர். பின்னைய தொகையை நாட்டின் குடும்பங்களின் எண்ணிக்கையாற் பெருக்க, 1,720 கோடி டொலர் வந்தது. 2017ஆம் ஆண்டில் 'சயன்ஸ்' என்னும் ஆராய்ச்சி இதழில் இக்கணக்கு வெளியாயிற்று.

கடலுக்கு விலை கூறுவதா என்று நேயர்கள் சிலர் நகைக்கக்கூடும். எமக்கும் முதலிலே நகைப்புத்தான் வந்தது. தாயன்பை நிறுத்துப் பார்க்கத் தராசு தேடுவது போன்றதொரு வேலையாக இது தோன்றிற்று. ஆயினும் இக்கணக்கு எவ்வாறு பிறந்தது, எதை உட்கொள்கிறது, எதை வெளியே விடுகிறது என்று நுணுகி நோக்கியபோது நகைப்பு அடங்கிவிட்டது. எமது மன்னார்க் கடலின் அடியிலும் எரிவாயு கண்டறியப்பட்டிருப்பதால், இது எமக்குப் புறம்பான விடயமன்று.

எண்பத்தேழு நாட்கள்

2010ஆம் ஆண்டு ஏப்பிரல் 20ஆந் திகதி இரவு, மெக்சிக்கோ வளைகுடாவில், லூயிசியானாக் கரையிலிருந்து ஏறத்தாழ 66 கிலோமீற்றர் தொலைவில், 'டீப்வாட்டர் ஹொறைசன்' என்னும் துளைமேடை வெடித்தது. பதினொரு தொழிலாளர் மாண்டனர். இரண்டு நாட்களின் பின் மேடை கடலுள் அமிழ்ந்தது. அதன் கீழே 1,500 மீற்றர் ஆழத்திலே, பி.பி. கம்பனிக்காகத் தோண்டப்பட்ட 'மக்கொண்டோ' என்னும் கிணற்றின் வாய் திறந்தபடி கிடந்தது. அதனை மூடுவதற்கு 87 நாட்கள் சென்றன.

கக்கப்பட்ட எண்ணெய் எவ்வளவு? தொடக்கத்தில் நாளொன்றுக்கு 1,000 பீப்பாய் என்றனர். சில நாட்களில் 5,000 என்றனர். பின்னர் விஞ்ஞானிகள் அளந்து கூறியதோ நாளொன்றுக்கு 50,000 பீப்பாய்க்கும் மேல். அளவு பற்றிய இந்த வழக்கு வெறும் கல்விச் சர்ச்சையன்று. அந்நாட்டுச் சட்டப்படி, கடலிற் கலந்த ஒவ்வொரு பீப்பாய்க்கும் தண்டம் உண்டு. சாதாரண கவனயீனமாயின் பீப்பாய் ஒன்றுக்கு 1,100 டொலர் வரை, பெருங் கவனயீனமாயின் 4,300 டொலர் வரை. ஆகவே பீப்பாய்க் கணக்கிலே ஒரு பூச்சியம் கூடினாலும் குறைந்தாலும் கோடிகள் புரளும். ஈற்றில் 2015ஆம் ஆண்டில் நீதிமன்றம், 31 இலட்சத்து 90 ஆயிரம் பீப்பாய் கடலிற் கலந்ததெனத் தீர்ப்புக் கூறிற்று.

எண்ணெயையாவது அளக்கலாம், அதனால் நேர்ந்த மரணங்களை அளப்பதெப்படி? உயிரோடும் இறந்தும் கரையில் கண்டெடுக்கப்பட்ட பறவைகள் எண்ணாயிரத்துக்குச் சற்று அதிகம். ஆனால் கடலிலே சாகும் பறவை எல்லாம் கரைக்கு வருவதில்லை. சில அமிழ்ந்துபோகும், சிலவற்றைச் சுறா தின்னும், சில சதுப்புநிலத்துக் கோரைகளுக்கிடையே மறைந்து அழுகும். இதனால் ஆராய்ச்சியாளர் ஓர் உபாயம் செய்தனர். இறந்த பறவைகளிலே சிறு வானொலிக் கருவிகளைக் கட்டிக் கடலில் மிதக்கவிட்டு, எத்தனை கரை சேர்கின்றன, எத்தனை வழியில் தொலைகின்றன என்று பின்தொடர்ந்தனர். அவ்விகிதத்தைக் கொண்டு திருப்பிக் கணக்கிட்டபோது, மாண்ட பறவைகள் 56,100 முதல் 1,02,400 வரை என்று வந்தது. சிறிய கடலாமைகளோ 56,000 முதல் 1,66,000 வரை. கீழெல்லைக்கும் மேலெல்லைக்கும் இடையே மும்மடங்கு வேறுபாடு இருப்பதைக் கவனியுங்கள். இதனை அறியாமையென்று இகழ்வோர் உளர். ஒற்றை எண்ணைத் துணிந்து கூறி உலகை ஏமாற்றாமல், தம் அறிவின் எல்லையையும் சேர்த்து எழுதிவைத்தமை எமக்கு நேர்மையாகவே படுகிறது.

பாரத்தாரியாக் குடாவில் வாழ்ந்த ஓங்கில்கள் பாதியாகக் குறையும் என்றும், மனிதர் ஏதும் செய்யாது விடின் அவை பழைய நிலையை அடைய 39 ஆண்டுகள் செல்லும் என்றும் மதிப்பிட்டனர். கிணற்றிலிருந்து 11 கிலோமீற்றர் தூரத்தில், 1,370 மீற்றர் ஆழத்திலே, ஒளி புகாத இருளில் வாழும் முருகைகள் கபில நிறக் கசட்டினால் மூடப்பட்டுக் கிடந்ததை அவ்வாண்டு நவம்பரிற் கண்டனர். அவற்றை அதற்கு முன் கண்ட மனிதர் எவருமிலர் என்றே சொல்லலாம். காணாத ஒன்றை இழந்ததற்கு நட்டம் எவ்வளவு?

கணக்கு எங்கே தொடங்குகிறது

பொருளியலறிஞர் முதலிலே எளிய வழிகளைத் தேடினர். மீனுக்குச் சந்தை விலை உண்டு. ஆதலால் பிடிபடாத மீனின் நட்டத்தைக் கணக்கிடலாம். கடற்கரையில் உலாவுவதற்கு விலையில்லையே, அதற்கென்ன செய்வது? ஹரல்ட் ஹொட்டலிங் என்னும் பேரறிஞர் 1947ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவைக்கு எழுதிய கடிதமொன்றில் இதற்கு வழி காட்டினார். உதாரணமாக, கீரிமலைக் கேணியில் நீராடுவதற்குக் கட்டணம் கிடையாது. ஆயினும் காங்கேசன்துறையிலிருந்து வருபவன் சிறு செலவோடு வருகிறான். கொழும்பிலிருந்து வருபவன் புகையிரதக் கட்டணமும் இரண்டு நாள் விடுமுறையும் செலவிட்டு வருகிறான். அவ்வளவு கொடுத்தும் வருபவர் எத்தனை பேர் என்று ஊர் ஊராகப் பார்த்தால், இலவசமாகிய நீராடலுக்கும் மக்கள் மனத்திலுள்ள பெறுமதி புலப்படும். இம்முறை கொண்டு, மெக்சிக்கோ வளைகுடாவில் மக்கள் இழந்த பொழுதுபோக்கின் பெறுமதியை 69 கோடி டொலருக்குச் சற்று மேல் எனக் கணித்தனர்.

ஆனால் கடற்கரைக்கு ஒருபோதும் செல்லாதவனுக்கும் கடல் வேண்டியதாக இருக்கலாமன்றோ? ஜோன் குறுற்றில்லா என்பார் 1967இல் எழுதிய கட்டுரையொன்றிலே, தாம் கண்ணாற் காணாத காட்டையும் ஆற்றையும் கூட அவை இருக்கின்றன என்ற அளவிலேயே மதிப்பவர்கள் உளர் என்று எடுத்துக் காட்டினார். யாழ்ப்பாணத்தை விட்டு எந்நாளும் வெளியேறாத ஒரு முதியவருக்கும், சிவனொளிபாதமலையை எவரேனும் உடைத்துக் கல் விற்கப் போகிறார் என்று கேள்வியுற்றால் நெஞ்சு பதறாதா? இப்பதற்றத்துக்குச் சந்தை இல்லை. கேட்டறிவதொன்றே வழி. கட்டுரைத் தொடக்கத்திற் கூறிய வீடு வீடான விசாரணை இவ்வாறு பிறந்ததே.

அம்முறை பெருஞ் சோதனைக்குள்ளானது வேறோர் அனர்த்தத்தின் பின்னராகும். 1989 மார்ச்சு 24ஆந் திகதி 'எக்ஸொன் வால்டிஸ்' என்னும் எண்ணெய்க் கப்பல் அலாஸ்காவிலே பாறையில் மோதிற்று. அது கிணறன்று, கப்பல்தான். ஆயினும் கடலெண்ணெயின் நட்டத்தை மதிப்பிடும் கலை அங்கேதான் வளர்ந்தது. அலாஸ்கா அரசுக்காக நடத்தப்பட்ட விசாரணை, குடும்பமொன்றுக்கு 31 டொலர் என்னும் இடைநிலைத் தொகையைக் கொண்டு மொத்தம் 280 கோடி டொலர் எனக் கணக்குக் காட்டிற்று. அத்தகைய தொகையை எந்தக் கம்பனிதான் மகிழ்ந்து ஏற்கும்? எக்ஸொன் கம்பனியும் தன் பங்குக்குப் பொருளியலறிஞரை அமர்த்தி, இம்முறையைத் துருவி ஆராயச் செய்தது.

அவ்வாராய்ச்சிகளில் ஒன்று இன்றுவரை மாணவர்களுக்குப் பாடமாக இருக்கிறது. எண்ணெய்த் தேக்கங்களில் விழுந்து சாகும் பறவைகளைக் காப்பாற்ற எவ்வளவு கொடுப்பீர் என்று மூன்று கூட்டத்தாரைக் கேட்டனர். முதற் கூட்டத்தாருக்கு 2,000 பறவைகள் என்றனர்; அவர்கள் சராசரி 80 டொலர் என்றனர். இரண்டாங் கூட்டத்தாருக்கு 20,000 பறவைகள் என்றனர். விடை 78 டொலர். மூன்றாங் கூட்டத்தாருக்கு 2,00,000 பறவைகள். விடை 88 டொலர்! பறவைகள் நூறு மடங்காகப் பெருகியும் தொகை அசையவில்லை. மக்கள் பறவைகளை எண்ணவில்லை. தம் மனச்சான்றை ஆற்றிக்கொள்ள ஒரு தருமம் செய்தனர் என்பது இதனை எதிர்ப்போர் வாதம். கோயில் உண்டியலில் பத்து ரூபா போடுபவன் கோபுரத்தின் உயரத்தை அளந்தா போடுகிறான்?

கம்பனியின் பணத்தில் நடந்த ஆராய்ச்சி என்று இதனை ஒதுக்கிவிட நாம் விரும்பவில்லை. உண்மை யார் செலவில் வந்தாலும் உண்மையே. இவ்வழக்கைத் தீர்க்க அமெரிக்க அரசு அமைத்த குழுவுக்கு, நோபல் பரிசு பெற்ற கெனத் ஆரோ, றொபேட் சோலோ ஆகிய இருவரும் தலைமை தாங்கினர். 1993இல் அவர்கள் கூறிய தீர்ப்பு நடுநிலையானது. ஒழுங்காக நடத்தினால் இம்முறை நீதிமன்றத்தில் விவாதத்தைத் தொடங்கப் போதியது. ஆனால் நேரிற் சென்று கேட்க வேண்டும், வாக்கெடுப்புப் போலக் கேட்க வேண்டும், கேடு பெரிதாகுந்தோறும் விடையும் பெரிதாகிறதா என்று சோதிக்க வேண்டும் என்றனர். அமெரிக்க வீடுகளிலே இரு வகைக் கேடுகளைக் கூறி 136 டொலரையும் 153 டொலரையும் தனித்தனியே பெற்றதன் காரணம் இப்போது விளங்கும்.

எனினும் ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. 2016இல் நீதிமன்றம் அங்கீகரித்த உடன்படிக்கையின் மொத்தம் 2,080 கோடி டொலர். அதில் இயற்கை வளங்களுக்கென ஒதுக்கப்பட்டது 880 கோடி வரை. அதுவும் மக்கள் கூறிய தொகையை வைத்தன்று, சதுப்புநிலத்தையும் ஆமைகளையும் மீட்கச் செல்லும் செலவை வைத்தே நியாயப்படுத்தப்பட்டது. மக்கள் கூறியதில் ஏறத்தாழப் பாதி. அப்பாதியும், வழக்கு நீதிமன்றத்தில் நிற்கத்தக்க எண்கள் இருந்தமையினாலேயே கிடைத்தது என்பதை மறத்தலாகாது. எண் எழுதப்படாத இடத்தை எந்த நீதிபதியும் பூச்சியம் என்றே வாசிப்பார்.

தோண்டுமுன் போடும் கணக்கு

இதுவரை கூறியது அனர்த்தத்தின் பிற்பாடு போடும் கணக்கு. தோண்டுவதற்கு முன்னரும் ஒரு கணக்கு உண்டு. அமெரிக்கச் சட்டம் 1978ஆம் ஆண்டிலிருந்து, கடற்பரப்பை ஏலத்தில் விடுமுன் எண்ணெயின் நன்மையையும் சுற்றாடற் கேட்டையும் சீர்தூக்குமாறு அரசைப் பணிக்கிறது. இதற்கென ஒரு கணித மாதிரியை அரசு வைத்திருக்கிறது. காற்று மாசு, மீன்பிடி, பொழுதுபோக்கு, கரையோரக் காணிகளின் விலை, உண்பதற்காகவே வேட்டையாடும் மக்களின் இழப்பு ஆகியன அதில் அடங்கும்.

ஆனால் அம்மாதிரியில் அடங்காதவை எவையென்று பார்த்தால் வியப்பு மேலிடும். மக்கொண்டோ போன்ற பேரனர்த்தம் அடங்காது. அது வேறு அத்தியாயத்தில் தனியாகப் பேசப்படும். அழியும் நிலையிலுள்ள அரிய உயிர்கள் அடங்கா. உலக வெப்பநிலை மாறுதலும் அடங்காது. வீட்டுக்கு வரவு செலவுத் திட்டம் போடும் ஒருவர், வைத்தியச் செலவையும் பெண்ணின் கலியாணத்தையும் 'அளவிட முடியாதவை' என்று விட்டுவிட்டு, உப்புப் புளிக் கணக்கை மட்டும் சதம் பிசகாமல் எழுதினால் எப்படியிருக்கும்? அப்படித்தான் இதுவும். அம்மாதிரியை வகுத்தோர் இக்குறையை மறைக்கவில்லை, தாமே எழுதி வைத்திருக்கின்றனர் என்பது அவர்களுக்குப் பெருமை. ஆயினும் அட்டவணையின் அடியில் தடித்த எழுத்தில் நிற்கும் கூட்டுத்தொகையைக் கண்டவர்கள் எத்தனை பேர் அடிக்குறிப்பைப் படிக்கப் போகிறார்கள்?

இன்னொரு நுட்பம், மாணவர்கள் அறியத்தக்கது. இங்கே தோண்டாவிட்டால் மக்கள் எண்ணெயின்றி இருந்துவிட மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரவழைப்பார்கள். அக்கப்பலும் எண்ணெய் சிந்தலாம். ஆகவே தோண்டாமையின் கேட்டையும் கணித்து, அதனைத் தோண்டுவதன் கேட்டிலிருந்து கழிக்கின்றனர். தருக்கத்திலே பிழையில்லை. ஆனால் கேடு யாருடைய முற்றத்தில் விழுகிறது என்பது அக்கழித்தலில் மறைந்துவிடுகிறது.

வருங்காலக் கழிவு என்பது மற்றொன்று. இன்று கையிலுள்ள நூறு ரூபாவும் நாற்பது ஆண்டின் பின் வரும் நூறு ரூபாவும் ஒன்றல்ல என்பது கூட்டுவட்டி படித்த எவருக்கும் தெரியும். அமெரிக்க அரசு 2003இல் வகுத்த விதியிலே 3 வீதம், 7 வீதம் என இரு கழிவு வீதங்கள் கூறப்பட்டன. நாற்பதாண்டின் பின் நேரும் நூறு ரூபா நட்டத்தை 3 வீதத்தாற் கழித்தால் இன்றைய பெறுமதி சுமார் 31 ரூபா. 7 வீதத்தாற் கழித்தால் 7 ரூபாவுக்கும் குறைவு. மாணவர்கள் தாமே செய்து பார்க்கலாம். பாரத்தாரியாக் குடாவின் ஓங்கில்கள் மீள 39 ஆண்டுகள் என்றோமே, அவற்றின் பிற்காலத்துத் துன்பமெல்லாம் ஒரு வீதத்தைத் தெரிந்தெடுப்பதோடு ஏட்டிலிருந்து கரைந்துபோகும். எரிபொருளின் புகையால் உலகுக்கு நேரும் கேட்டை மதிப்பிடும் எண்ணும் இவ்வாறே ஆடுகிறது. தொன் ஒன்றுக்கு 51 டொலர் என்று 2021இலும், 190 டொலர் என்று 2023இலும் அந்நாட்டு அரச அலுவலகங்கள் கூறின. 2025 சனவரியில் புதிய சனாதிபதி அதற்கான குழுவையே கலைத்துவிட்டார். புகை அதே புகைதான்.

பற்றுச்சீட்டு இல்லாத மனிதர்

பறவைக்கும் ஆமைக்கும் இவ்வளவு ஆராய்ச்சி நடந்தது. மனிதருக்கு நேர்ந்ததை அளப்பதிலேதான் கணக்கு மிகவும் தடுமாறுகிறது.

மெக்சிக்கோ வளைகுடாவிலே இறால் பிடிப்போரில் வியட்நாமியர் பெருந்தொகையினர். போரின் பின் அகதிகளாக வந்து, தாம் அறிந்த தொழிலையே அங்கும் செய்தவர்கள். எண்ணெய் பரவியதும் அரசு கடலை மூடியது. உச்ச நிலையில் அவ்வளைகுடாவில் மத்திய அரசுக்குரிய கடற்பரப்பின் 37 வீதம் மூடப்பட்டது. கம்பனி 2,000 கோடி டொலர் நட்டஈட்டு நிதிக்கு உடன்பட்டது. ஆனால் நட்டத்தை நிரூபிக்கப் பத்திரம் வேண்டுமே! பிடித்ததில் ஒரு பங்கை வீட்டுக்கு எடுத்து, ஒரு பங்கை உறவினருக்கும் ஆலயத்துக்கும் கொடுத்து, மிகுதியைக் கைக்காசுக்கு விற்ற குடும்பத்துக்குப் பற்றுச்சீட்டு எங்கிருந்து வரும்? விண்ணப்பப் படிவமோ அவர்கள் அறியாத மொழியில். வீட்டுச் சட்டியில் வெந்த இறாலுக்குக் கணக்கேட்டில் இடந் தேடுவது எளிதாக இருக்கவில்லை.

அலாஸ்காவில் கோர்டோவா என்னும் மீன்பிடி ஊர் உண்டு. எக்ஸொன் வால்டிஸ் எண்ணெய் பரவி நான்கு ஆண்டின் பின், 1993இல், அவ்வூரார் நம்பியிருந்த ஹெரிங் மீன் குலைந்து போயிற்று. எண்ணெய்தான் காரணமா, நோயா, இரண்டுமா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. ஸ்டீவன் பிக்கூ என்னும் சமூகவியலறிஞர் அவ்வூரைப் பல ஆண்டுகளாகத் தொடர்ந்து ஆராய்ந்தார். மனச்சோர்வும், அயலாரோடு பகையும், நித்திரையின்மையும் நெடுங்காலம் நீடித்தன. அவற்றுக்கு எண்ணெயைப் போலவே வழக்கும் ஒரு காரணம் என்று அவர் கண்டார். 1994இல் யூரிமார் 500 கோடி டொலர் தண்டம் விதித்தனர். மேன்முறையீட்டின் மேல் மேன்முறையீடாகச் சென்று, 2008இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் அதனை 50 கோடியே 75 இலட்சமாகக் குறைத்தது. பத்தில் ஒன்று. இடையிற் சென்ற பதினான்கு ஆண்டுகளில் மாண்டுபோன வழக்காளிகள் பலர். காத்திருத்தலுக்கு எந்த அட்டவணையிலும் நிரல் இல்லை.

விபத்தே நேராவிட்டாலும் செலவு உண்டு. லூயிசியானாவின் சதுப்புநிலங்களினூடே எண்ணெய்க் குழாய்களுக்கும் தோணிகளுக்குமாக ஆயிரக்கணக்கான மைல் நீளத்துக்குக் கால்வாய்கள் வெட்டினர். அவற்றின் வழியே உப்புநீர் ஏறிக் கோரை மாண்டது. கோரை மாளவே மண் கரைந்தது. ஆற்றுக்கு அணை கட்டியதும் நிலம் தாழ்ந்ததும் ஏனைய காரணங்கள். 1930களிலிருந்து அம்மாநிலம் இழந்த நிலம் சுமார் 2,000 சதுர மைல். அங்கே சோன் சார்ள்ஸ் தீவு என்னும் ஊரில் வாழ்ந்த ஆதிக்குடியினர் தம் நிலத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்கை இழந்தனர். அவர்களை உள்நாட்டுக்குக் குடியேற்ற 2016இல் 4 கோடியே 80 இலட்சம் டொலர் அரசு வழங்கியது. புதிய வீடுகள் நல்லவைதாம். பாட்டனாரின் புதைகுழி மட்டும் பழைய தீவிலே கிடக்கிறது.

மன்னார்க் கடலடியில்

எமது நாட்டுக்கு வருவோம். மன்னார்த் தீவின் பேசாலையில் 1970களில் சோவியத் நாட்டவரின் உதவியோடு எண்ணெய் தேடித் தோண்டினர். பயன்படத்தக்கதாக ஒன்றும் அகப்படவில்லை. 2011ஆம் ஆண்டில் கெயின் கம்பனி மன்னார்க் கடலிலே 'டொறாடோ', 'பராக்கூடா' என்னும் இரு கிணறுகளில் எரிவாயு கண்டது. முன்னையதில் நீரின் ஆழம் 1,354 மீற்றர். பின்னையதில் ஏறத்தாழ 1,500 மீற்றர். மக்கொண்டோவின் ஆழத்தை நேயர்கள் நினைவுகூர்வார்களாக. கம்பனி 2015இல் விலகிச் சென்றது. வாயு கீழேயே இருக்கிறது. அதனை எடுக்க வேண்டுமென்றும், எடுத்தால் நாட்டின் கடன் தீருமென்றும் பேச்சு அவ்வப்போது எழுகிறது.

எடுக்கவே கூடாதென்று வாதிடுவது எமது நோக்கமன்று. 2022ஆம் ஆண்டில் எரிவாயுச் சிலிண்டருக்காக விடியும்வரை வரிசையில் நின்ற மக்கள் நாம். மேலும் எரிவாயு பச்சை எண்ணெய் போலக் கரையிற் படிவதுமன்று. ஆயினும் அக்கடலிலே ஆவுளியா மேய்கிறது. சங்கும் கடலட்டையும் விளைகின்றன. சிலாபத்துறை முதல் பேசாலை வரை ஆயிரக்கணக்கான குடும்பங்களின் உலை அதனால் கொதிக்கிறது. அக்கரையில் இராமேசுவரத்தாரும் இவ்வாறே. 1976இல் இரு அரசுகளும் கடலிற் கீறிய எல்லைக்கோட்டைக் கழிவுநீரும் எண்ணெயும் மதிக்கமாட்டா.

இக்கடலுக்கு முன்னரும் ஒரு முறை விலை கூறப்பட்டதுண்டு. 1906ஆம் ஆண்டில் ஆங்கில அரசு மன்னார் முத்துக்குளிக்கும் பார்களை இலண்டன் கம்பனியொன்றுக்கு இருபது ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. சில ஆண்டுகளுள் சிப்பி அற்றுப்போகக் கம்பனியும் கலைந்தது. சிப்பி ஏன் அற்றது என்று உறுதியாகச் சொல்லத்தக்க கணக்கெதுவும் அந்நாளில் இருக்கவில்லை.

அண்மைய உதாரணமும் உண்டு. 2021இல் 'எக்ஸ்பிறஸ் பேர்ள்' என்னும் கப்பல் கொழும்புக்கு அப்பால் எரிந்து அமிழ்ந்தபோது, பிளாத்திக்கு மணிகள் எமது மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. நிபுணர் குழுவொன்று நட்டத்தை 640 கோடி டொலர் என மதிப்பிட்டது. 2025 யூலையில் உயர்நீதிமன்றம் 100 கோடி டொலர் செலுத்துமாறு கட்டளையிட்டது. கப்பலுக்கு முன் அக்கடலில் என்ன இருந்தது, எவ்வளவு இருந்தது என்பதே இத்தகைய வழக்குகளில் எல்லாரும் முதலிற் கேட்கும் கேள்வி. ஆமை எத்தனை, மீன் எவ்வளவு, விற்றது எவ்வளவு, வீட்டிற் சமைத்தது எவ்வளவு? அனர்த்தத்தின் மறுநாட் காலையில் ஏடு திறந்து எண்ணத் தொடங்கினால், எண்ணுவதற்கு எஞ்சியிருப்பது இறந்தவை மாத்திரமே.

மன்னாரில் அத்தகைய ஏடு என்றோ ஒரு நாள் திறக்கப்படுமாயின், எமக்குள்ள பெருங் கவலை வேறொன்று. அமெரிக்கர் கேட்ட கேள்வி, கடலைக் காக்க நீர் எவ்வளவு கொடுப்பீர் என்பது. ஆரோ, சோலோ குழுவினர் மிகைப்படாத வழியென்று அதனையே தெரிந்தனர். பணமுள்ள நாட்டில் அது பொருந்தலாம். வங்காலையிலே, கடனுக்கு இயந்திரம் வாங்கிய ஒரு சம்மாட்டியிடம் அதே கேள்வியைக் கேட்டால் அவர் என்ன சொல்வார்? கொடுப்பதற்கு அவர் மடியில் ஐந்நூறு ரூபாவும் இராது. அவ்விடையை எழுதிப் பெருக்கினால், மன்னார்க் கடல் மலிவானதென்று கணக்கு வந்துவிடும். அவரையே, இக்கடலை விட்டுக்கொடுக்க எவ்வளவு கேட்பீர் என்று வினவினால் விடை வேறாக இருக்கும். எத்தொகைக்கும் இல்லை என்று அவர் எழுந்துபோகவும் கூடும். இவ்விரு கேள்விகளில் எதனைக் கேட்பதென்று தீர்மானிப்பவர் யார், எவ்வூரில் இருந்து தீர்மானிப்பார், படிவம் எம்மொழியில் இருக்கும் என்பன இன்னும் எழுதப்படவில்லை.